தாண்டிக்குடியில் இருந்து இடிமேகத்தின் அலைகளைப் படம் பிடிப்பது எப்படி

இடிமேகம் தலைக்கு மேல் நின்றால் இந்த வேலைக்கு ஆகாது. இடிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தாலும் ஆகாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ, சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கிற மேகம்தான் வேண்டும். உங்களுக்கு மேலே வானம் தெளிவாக இருக்க வேண்டும், நிலா இருக்கக் கூடாது. இவ்வளவும் ஒரே இரவில் கூடி வந்தால், அந்த மேகம் கிளப்பிவிட்ட அலைகள் தரைக்கு மேல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் பரவிப் போவதைச் சாதாரண கேமராவிலேயே பிடித்துவிடலாம்.

நான் கல்யாண போட்டோகிராபர். வத்தலக்குண்டில் ஸ்டுடியோ, தாண்டிக்குடியில் வீடு. முகூர்த்தம் இல்லாத இரவுகளில் அதே கேமராவைத்தான் வானத்துக்குத் திருப்புகிறேன். அதனால் கீழே சொல்கிற எதற்கும் தொலைநோக்கியோ விலை உயர்ந்த கருவியோ தேவைப்படாது.

மேலே என்ன நடக்கிறது

மின்னல்தான் அலையைக் கிளப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மின்னலுக்கு இதில் பெரிய பங்கில்லை. வேலையைச் செய்வது மேகத்துக்குள் மேலேறுகிற காற்று. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். அந்தச் சூட்டில் காற்று வினாடிக்கு 20, 30 மீட்டர் வேகத்தில் மேலே பாயும். நம் ஊர் வானத்தில் 16, 17 கிலோமீட்டரில் அதற்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் போகப் போக வெப்பநிலை கூடும் என்பதால், முட்டிக்கொண்டு மேலே போன காற்று சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்து கனத்துவிடும். உடனே கீழே இறங்கும். இறங்கின வேகத்தில் இருக்க வேண்டிய மட்டத்தைத் தாண்டிப் போய், மறுபடி மேலே வரும். வெறுங்குடத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அமுக்கிக் கையை எடுத்தால் துள்ளித் துள்ளி அடங்குமே, அதே கதைதான். அந்த உயரத்தில் ஒரு துள்ளலுக்குச் சுமார் 5 நிமிடம் ஆகும். இந்த அலையை இணையத்தில் தேடுகிறவர்கள் ‘கிராவிட்டி வேவ்’ என்று தேட வேண்டும். லைகோ ஆய்வகம் பிடித்த, ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு அலைச் சங்கதியும் கூடவே வந்து விழும், அதைத் தள்ளிவிடுங்கள்.

இந்த ஆட்டம் அங்கேயே அடங்கிவிடுவதில்லை. சாய்வாக மேலேயும் பக்கவாட்டிலும் பரவுகிறது. 95 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, 17 கிலோமீட்டரில் இருப்பதில் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான். அலை கொண்டுபோகிற ஆற்றல் வழியில் செலவாகவில்லை என்றால், காற்று மெலிய மெலிய அலையின் வீச்சு பெருகியாக வேண்டும். அடர்த்தி லட்சத்தில் ஒன்றானால் வீச்சு சுமார் 300 மடங்கு ஆகும். கீழே 10 மீட்டர் அசைந்த காற்று மேலே கிலோமீட்டர் கணக்கில் அசையும். வளிமண்டலத்தின் உச்சியில் தெரிகிற அலைச்சல்களுக்கு இதுதான் காரணம் என்று 1960இல் வளிமண்டல ஆய்வாளர் காலின் ஹைன்ஸ் எழுதினார். குறிப்பிட்ட ஓர் இடிமழையைக் காட்டி, மேலே தெரிந்த அலை இதிலிருந்து வந்ததுதான் என்று மைக்கேல் டெய்லரும் ஹாப்குட்டும் எழுதியது 1988இல்.

காற்றுக்கு நிறம் இல்லையே, எப்படித் தெரியும்? அந்த உயரத்தில் காற்று தானாக மங்கலாக ஒளிர்கிறது. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிளந்து போடுகிறது. இரவில் அந்த அணுக்கள் ஒன்றுசேரும்போது 557.7 நானோமீட்டரில் பச்சை ஒளி வரும். ஏர்க்ளோ என்பது இதைத்தான். பச்சை அடுக்கு 97 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே 87 கிலோமீட்டரில் ஹைட்ராக்சில் அடுக்கு இன்னும் பலமாக ஒளிர்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அகச்சிவப்பு. நம் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கிற வடிகட்டி அதைத் தடுத்துவிடும். அலை வந்து காற்றை அழுத்துகிற இடத்தில் பச்சை கொஞ்சம் கூடும், தளர்த்துகிற இடத்தில் குறையும். அந்தக் கூடுதல் குறைவுதான் பட்டை பட்டையாகப் படத்தில் விழுகிறது. கண்ணுக்குப் பொதுவாகத் தெரியாது. தெரிகிறது என்று யாராவது சொன்னால் அவர் பெரும்பாலும் மேகத்தைப் பார்க்கிறார்.

எந்த இரவு

சித்திரை, வைகாசி கோடை மழைக் காலம்தான் முதல் தரம். சமவெளி நாள் முழுக்கக் காய்ந்து, மூன்று நான்கு மணிக்கு மேல் மேகம் கட்டி, ஏழு எட்டு மணிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதற்கு மேல் நமக்கு இருட்டான வானம் மிச்சம் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற வாரங்களிலும் நல்ல இடிமேகங்கள் வரும், ஆனால் மலைமேல் மூடுபனி பிடித்துக்கொள்ளும்.

ஆனி முதல் ஆவணி வரை நான் முயல்வதே இல்லை. மேகம் விலகாது என்பது ஒரு காரணம். இன்னொன்று அந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேல் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்காக அடிக்கிற பலத்த காற்றோட்டம். 1958இல் வானிலை ஆய்வாளர் பி. கோடீஸ்வரம் அதைப் பற்றி எழுதினார். காற்றும் அலையும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் அலை அங்கேயே கரைந்துவிடும். திருச்சியில் கிளம்பி நம் மலையை நோக்கி வருகிற அலையும் மேற்காகத்தானே வருகிறது? அதில் மெதுவானவை எல்லாம் அந்தக் காற்றோட்டத்தோடு சரி. சித்திரையில் மேலே காற்று பொதுவாகத் தளர்வாக இருக்கும். அலை முழு வட்டமாகப் பிழைத்து வர அதுதான் வேண்டும்.

நிலாவுக்குத் தினசரி காலண்டரே போதும். தேய்பிறை சப்தமியில் இருந்து வளர்பிறை சதுர்த்தி வரை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்பிறையில் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும், வளர்பிறை சதுர்த்தி நிலா மெல்லிய பிறைதான், பத்து மணிக்குள் மேற்கே விழுந்துவிடும். சித்திரையில் இங்கே முழு இருட்டு கவிய எட்டு மணி ஆகும்.

மேகத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆறு மணிக்கு வானிலைத் துறையின் இன்சாட் அகச்சிவப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். மேகத்தின் உச்சி −70 பாகை செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருந்தால் அது கூரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். −50இல் நிற்கிற மேகம் மழை கொடுக்கும், நமக்கு ஒன்றும் தராது. காரைக்கால் ரேடார் படம், தாமினி செயலியில் விழுகிற மின்னல் புள்ளிகள், இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். பெரிய மேகக் கூட்டத்தைவிட, தனியாக நிற்கிற ஒரே ஒரு உயரமான மேகம்தான் எனக்குப் பிடிக்கும். நாலைந்து மேகங்கள் சேர்ந்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

தூரம் ரொம்ப முக்கியம். தாண்டிக்குடியில் இருந்து நேர்கோட்டில் திருச்சியும் புதுக்கோட்டையும் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், சேலம் 160, தஞ்சாவூர் 170. இவை நான்கும் நமக்கு வாகான தூரம். மேகத்துக்கு நேர் மேலே அலை தெரியாது, ஏனென்றால் அலை சாய்வாகத்தான் ஏறும். மேகத்தை நடுவில் வைத்து 100 முதல் 250 கிலோமீட்டர் ஆரத்தில்தான் வளையங்கள் விழும். அதாவது திருச்சியில் கொட்டுகிற மழையின் அலை நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். திண்டுக்கல்லில் கொட்டினால் அந்த அலை வேறு யாருக்கோ. நமக்கு அதன் மேகம் மட்டும்தான் கிடைக்கும். 2014 ஏப்ரலில் வங்கதேசத்துப் பெரிய இடிமழை ஒன்றின் வளையங்களைத் திபெத்தில் இருந்து படம் எடுத்திருக்கிறார்கள். நடுவே இமயமலையே நின்றும் தடையாக இல்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மாசி, பங்குனியில் தினமும் ஈசானி மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். காப்பி பூக்க ஒரு மழை வேண்டும். “அங்க மின்னுது, நாளைக்கு இங்க வந்துரும்” என்பார். நானும் அதே மூலையைத்தான் பார்ப்பேன், அது அங்கேயே நின்றால் தேவலை என்று. இதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கே நிற்பது

காப்பி காயப்போடுகிற களத்தைவிட நல்ல இடம் இந்த வேலைக்கு அமையாது. சிமென்ட் தரை, நாலு பக்கமும் திறந்த வானம், வீட்டுக்குப் பக்கம். கொடைக்கானல் ஊர் வெளிச்சம் மேற்கே மலைக்குப் பின்னால் போய்விடும். கிழக்கே திண்டுக்கல், வடக்கே ஒட்டன்சத்திரம், பழனி வெளிச்சம் தொடுவானத்தில் தெரியும். அது தாழ்வாக இருப்பதால் பெரிய தொந்தரவு இல்லை. கொடைக்கானலிலேயே தங்குகிறவர்கள் கோக்கர்ஸ் வாக் பக்கம் போக வேண்டாம், விளக்குகள் அதிகம். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் தங்கும் விடுதியின் மொட்டை மாடி போதும். பூம்பாறை கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர், தொடுவானம் தெரியாது. ஆனால் அலைக்குத் தொடுவானம் தேவையில்லை, 20 பாகைக்கு மேல் திறந்திருந்தால் ஆயிற்று.

இரவில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். காட்டுமாடு இருட்டில் பத்தடி கிட்டே வரும்வரை தெரியாது. தாண்டிக்குடிப் பக்கம் யானையும் உண்டு. அப்புறம் இடி. சத்தம் கேட்டுவிட்டால் மேகம் 15, 20 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது; ட்ரைபாடை மடக்கிவிட்டு உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். இடிமேகத்தை லேசாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி கிரேப்ஸ்-3 ஆய்வகத்துக்கு மேலே வந்த ஒரு மேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, வானில் இருந்து விழுகிற மியூயான் என்ற நுண்துகள்களின் வரத்து குறைந்ததை வைத்துக் கணக்கிட்டார்கள்.

கேமரா

14 முதல் 24 மி.மீ. வரை அகல லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது. ஐஎஸ்ஓ 3200இல் தொடங்குங்கள், களம் நல்ல இருட்டு என்றால் 6400. ஷட்டர் 20 வினாடி. அலை வினாடிக்கு 50 மீட்டர் நகர்ந்தாலும் 20 வினாடியில் ஒரு கிலோமீட்டர்தான், பட்டைகளுக்கு இடையே இடைவெளியோ 30, 40 கிலோமீட்டர். அதனால் அலை குழம்பாது. நட்சத்திரம் இழுபடுவதுதான் எல்லை. ரா கோப்பாகவே எடுங்கள். வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வினில் நிலையாக வையுங்கள், ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும். நீண்ட நேரப் படங்களுக்கு கேமராவே இரைச்சலை, அதாவது படத்தில் விழுகிற புள்ளிகளை, குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது படத்துக்குப் படம் 20 வினாடியைத் தின்றுவிடும். போன் கேமரா வேண்டாம். அதன் இரவு முறை, இரைச்சலோடு சேர்த்து மெல்லிய பட்டைகளையும் வழித்து எடுத்துவிடுகிறது.

ஃபோகஸுக்குச் சித்திரை மாதத்தில் கிழக்கே பாதி உயரத்தில் நிற்கும் சுவாதி நட்சத்திரத்தைப் பிடியுங்கள். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி சிறுத்ததும் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் ஆட்டோ ஃபோகஸுக்குப் பழகின கை தானாக லென்ஸ் பொத்தானைத் தேடும், அதனால் அந்தப் பொத்தானின் மேலேயும் ஒரு டேப்.

இந்த மலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பனி. மழைக்குப் பிந்தைய இரவில் லென்ஸின் முன்கண்ணாடி அரை மணியில் வேர்த்துவிடும். துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. பவர் பேங்கில் ஓடுகிற யுஎஸ்பி சூட்டுப் பட்டையை லென்ஸின் கழுத்தில் சுற்றி, முதல் படம் எடுப்பதற்கு முன்பே சூடேற்றிவிட வேண்டும். வேர்த்த பிறகு சுற்றினால் காய நேரம் ஆகும், அதற்குள் அலை போய்விடும். பட்டை முன்விளிம்புக்குப் பின்னால் ஒரு விரல்கடை தள்ளி இருக்கட்டும், ஃபோகஸ் வளையத்தை அழுத்தக் கூடாது. சுற்றியதும் ஒரு சோதனைப் படம் எடுத்து நட்சத்திரம் இன்னும் புள்ளியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சூட்டில் ஃபோகஸ் லேசாக நகரும்.

கேமராவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேகம் இருக்கும் திசையில், 45 பாகை மேலே. 14 மி.மீ. லென்ஸ் என்றால் கீழே மின்னுகிற மேகம் முதல் கிட்டத்தட்ட உச்சி வானம் வரை ஒரே படத்தில் விழும். 130 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற மேகத்தின் உச்சி 6 பாகைதான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அது படத்தின் அடியில் இருப்பது அழகுக்கு அல்ல, பிறகு திசை பார்க்க உதவும். அப்படியே சிவப்பாக ஒரு கணம் தோன்றி மறைகிற ஸ்ப்ரைட் மின்னல் மேகத்துக்கு மேலே மாட்டினால் உங்கள் அதிர்ஷ்டம். அது வேறு சங்கதி, மேகத்துக்கு வெகு உயரத்தில் நடக்கிற மின்வெளியேற்றம்.

எப்போது

மேகம் உச்சத்தில் இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து முக்கால் மணிக்குப் பிறகுதான் முதல் அலை பச்சை அடுக்கைத் தொடும். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் கழியும்வரை வந்துகொண்டிருக்கும். ஏழரைக்கு மேகம் உச்சம் என்றால் எட்டேகாலுக்குத் தொடங்கிப் பத்துவரை நிறுத்தாமல் எடுங்கள். மின்னல் ஓய்ந்துவிட்டதே என்று மூட்டை கட்டுகிறவர்கள் சரியாக அலை வருகிற நேரத்தில் வீட்டுக்குள் இருப்பார்கள். இன்டர்வெல் டைமரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம், ஆனால் நடுநடுவே லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத் தாள்.

பிரித்தெடுப்பது

தனிப் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஏற்ற இறக்கம் நூற்றுக்குச் சில பங்குதான். பச்சை சேனலை மட்டும் தனியாக எடுங்கள். மூன்று படங்களைச் சேர்த்துச் சராசரி போடுங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கும். அந்தப் படத்தில் இருந்து 5 நிமிடம் கழித்து எடுத்த அதே மாதிரி படத்தைக் கழியுங்கள். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் இதை இரண்டு சொடுக்கில் செய்யலாம். ஊர் வெளிச்சம், லென்ஸின் ஓர இருட்டு எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்து போகும். நகர்ந்தது மட்டும் மிஞ்சும். 5 நிமிடம் ஏன் என்றால், நமக்கு வருகிற அலைகள் பெரும்பாலும் 8 முதல் 15 நிமிட இடைவெளியில் வருபவை; பாதி இடைவெளியில் கழித்தால் மேடு பள்ளம் இரண்டும் எதிரெதிராக நின்று நன்றாகத் தெரியும். நட்சத்திரங்கள் கறுப்பு வெள்ளைச் சோடியாக நிற்கும், மீடியன் வடிகட்டியை ஒரு முறை ஓட்டினால் மறையும். பிறகு கான்ட்ராஸ்டை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். வண்ணப் படத்தில் பச்சையை வழிய வழிய ஏற்றி வெளியிடுகிற பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. வேறு எதுவோ என்று பார்ப்பவர் நம்பிவிடுவார்.

மேகமா அலையா என்கிற சந்தேகம் கட்டாயம் வரும், ஏனென்றால் இடிமேகத்தின் தலையில் இருந்து மெல்லிய மேகம் விசிறியாக நம் பக்கம் பரவும். நட்சத்திரத்தை மறைத்தால் மேகம். அலை மறைக்காது. உச்சிக்கு அருகே அலை நிமிடத்துக்குச் சுமார் 2 பாகை நகரும், மேகம் பெரும்பாலும் அதைவிட விரைவாகக் கடந்துவிடும். பட்டைக்குப் பட்டை உச்சியில் 20 பாகை, அதாவது இரண்டு முஷ்டி இருந்தால் 35 கிலோமீட்டர் என்று கணக்கு.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிய உயரக் கோணம் போதும். பச்சை அடுக்கில் 45 பாகையில் தெரிவது நம்மிடம் இருந்து தரைக் கணக்கில் 95 கிலோமீட்டர், 30 பாகையில் 160, 15 பாகையில் 325. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் நட்சத்திரங்களை வைத்துக் கோணத்தை எடுத்து, வளைவின் மூன்று நான்கு புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, காம்பஸால் வட்டத்தின் மையம் காணுங்கள். ஒரு மணி நேரம் முந்திய இன்சாட் படத்தில் அந்த மையத்தில் குளிர்ந்த மேக உச்சி இருந்தால் கேஸ் முடிந்தது. இன்னும் உறுதி வேண்டுமா? மையத்தில் இருந்து அலை இருக்கும் தூரத்தை 82ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 5ஆல் பெருக்குங்கள். அவ்வளவு நிமிடத்துக்கு ஒரு பட்டை என்று வர வேண்டும். 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 நிமிடம், 150க்கு பத்தரை, 250க்கு 16. மேல்காற்று இதைக் கொஞ்சம் இழுக்கும், தள்ளும். இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அது வேறு எங்கிருந்தோ வந்த அலை. வளையாமல் நேர்க்கோடாக ஓடுகிற பட்டைகளும் அடிக்கடி மாட்டும். நெருக்கமாக, பத்து கிலோமீட்டர் இடைவெளியில் தோன்றிச் சில பத்து நிமிடங்களில் கலைகிறவை அங்கேயே உடைந்த அலையின் சிதறல்கள். அவற்றுக்கு மேகத்தைத் தேட வேண்டாம்.

ஒவ்வொரு தொகுப்பிலும் நேரத்தை எழுதி வையுங்கள், கேமராக் கடிகாரத்தைப் போனோடு ஒத்துப் பார்த்துவிட்டு. இந்த அலைகளை அளக்கவே 2023 நவம்பரில் நாசா ஏடபிள்யூஇ என்ற கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அது பார்ப்பது அந்த 87 கிலோமீட்டர் அடுக்கை. நமக்கு எளிதில் எட்டுவது சுவோமி, நோவா-20 செயற்கைக்கோள்களின் இரவுப் படம். பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டி நம்மைக் கடக்கும். மறுநாள் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் டே-நைட் பேண்டைத் திறந்து தமிழ்நாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்து மணி அலை அதற்குள் போயிருக்கும், ஆனால் நள்ளிரவு வரை நின்று கொட்டிய மேகம் என்றால் அதன் வளையம் அதில் விழ வாய்ப்பு உண்டு. நிலா இல்லாத இரவுகளில் மட்டும் தேடுங்கள். மற்ற நாட்களில் நிலா வெளிச்சத்தில் மேகம்தான் தெரியும்.